ஈரச் சேலையோடு வந்த நாகம்மா அக்கா

காலையில் கடையில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது, ஏரியில் இறால் பிடிக்கும் வள்ளி வந்து நின்றாள். "நம்ம நாகம்மா அக்கா போயிட்டாங்க." அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் சாவுச் செய்திக்கு அழக்கூடத் தெம்பில்லை.

தோணிரேவில், ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், கரையேறியதும் கடையோரம் வட்டமாக உட்கார்ந்து பிடித்ததைப் பிரிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் அக்கா. தடவ இரண்டு கையும் வேண்டுமே, அதனால் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நகர்வார்கள். உள்ளே வாய் திறக்க முடியாது. அடக்கிவைத்த பேச்சையெல்லாம் கரையில்தான் கொட்டுவார்கள். அக்கா சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும்.

முதலில் கணவர் போனார். மகன் எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு பல்லும் போயிற்று. பறியைக் கடிக்க முடியாமல் ஏரிக்குப் போவதும் நின்றது. வட்டத்தில் உட்கார்ந்தவருக்கு ஆளுக்கொரு பிடி இறால் கொடுப்பது இங்கே வழக்கம். "தண்ணியில எறங்காதவ அங்க குந்தினா, இறாலுக்கு வந்துட்டாள்னு நெனைப்பாங்கடி" என்று அக்கா வீட்டிலேயே கிடந்தார். மகன் வீடியோ போனில் பேசுவார். "மூஞ்சி தெரியுது நைனா. பக்கத்துல குந்த யாரு கீறாங்க?" என்று ஒருநாள் அக்கா அவரிடம் கேட்டுவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

போன மழை ஓய்ந்த பிறகு ஒருநாள், அக்கா ஈரச் சேலையோடு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். பறி இல்லை. விரலில் சேறு இல்லை. ஈரம் முழங்கால் வரைதான். ஏரியில் தடவியவளுக்குக் கழுத்து வரை நனைந்திருக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

வள்ளி என்னைப் பார்த்தாள். பிறகு, "இன்னாக்கா, தண்ணி சில்லுனு கீதா?" என்றாள்.

"எலும்பு வரைக்கும் குத்துதுடி."

யாரும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதன்பிறகு தினமும் வந்தார். கிடைத்த பிடி இறாலை, எழுந்து போகும்போது வள்ளியின் பறியிலேயே போட்டுவிடுவார்.

சாவு வீட்டில் கூட்டமில்லை. மகன் வாசலில் ஒண்டியாக நின்றிருந்தார். அந்தப் பெண்கள் ஏரியிலிருந்து நேராக வந்து அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். "துணி மாத்திக்கினு வாங்களேன்" என்றார் மகன்.

"இருக்கட்டும்ணா. அக்கா இப்டித்தான் வருவாங்க" என்றாள் வள்ளி. அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

போய் வாருங்கள், அக்கா. அங்கேயும் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தால், காய்ந்த சேலையோடே போய் உட்காருங்கள். நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.