வெந்நீர் மெஷினும் என் மத்தியானத் தூக்கமும்

திருச்செந்தூரில் வெந்நீருக்கென்று மெஷின் வாங்குகிறவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிற ஊர் இது. ஆனால் விடியுமுன் கடலில் முழுகிவிட்டு, உடம்பெல்லாம் உப்போடு நடுங்கிக்கொண்டு வருகிற பக்தர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது வெந்நீர். சாமி தரிசனம் எப்படி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை என் மனைவி பக்தர்களுக்கு விடுகிறாள். நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவன். வீட்டில் எனக்கு என்ன உத்தியோகம் என்றால், சாவி தேடிக் கொடுப்பது. அதுவும் பெரும்பாலும் நானே தொலைத்த சாவியாக இருக்கும்.

அவளுடைய முதல் வாடிக்கை, சாத்தூர்ப் பக்கமிருந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடந்தே வருகிற ஒரு கூட்டம். போன வருஷம் அவர்கள் வந்து இறங்கிய அன்று எங்கள் பழைய சோலார் ஹீட்டர் கைவிட்டுவிட்டது. கூட்டத்தை நடத்தி வருகிற குருசாமி, கொப்புளம் போட்ட காலோடு தெருமுனை லாட்ஜில் போய்க் குளித்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "அடுத்த வருஷம் வாங்க சாமி. வெந்நி இல்லைன்னா நான் ரூமையே பூட்டிருதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அப்படித்தான் ஆவணியில் மொட்டைமாடிக்கு ஹீட் பம்ப் வந்து சேர்ந்தது.

மாட்டிவிட்டுப் போன ஆள் எனக்கு விளக்கினார். இது தண்ணீரை நேராகக் காய்ச்சுவதில்லை. வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும். சூடு போன காற்றை இந்தப் பக்கமாக வெளியே தள்ளும். அவர் கை காட்டிய இடத்தில் போய் நின்றேன். சில்லென்று இருந்தது. அவர் அதற்குமேல் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாளே சாய்வு நாற்காலி மேலே போய்விட்டது. தகரக் கூரைக்குக் கீழே, மெஷினுக்கு எதிரே. இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் எனக்குள்ளிருந்த கஞ்சன் விழித்துக்கொண்டான். இவ்வளவு குளிரும் கடலைப் பார்த்து வீணாகப் போகிறதே! லாரி டிரைவர் ஒருவர் எப்போதோ கொடுத்த தார்ப்பாய் கிடந்தது. மெஷினையும் நாற்காலியையும் சேர்த்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தால் பிரிட்ஜுக்குள் வைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மின்சாரச் செலவே இல்லாத ஏசி. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. தொட்டி சூடாகிவிட்டால் மெஷின் நின்றுவிடும், குளிரும் நின்றுவிடும். அதனால் மேலே இருந்த குழாயைத் திறந்து வெந்நீரில் என் வேட்டியை நானே துவைக்க ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம். மனைவிக்குச் சந்தோஷம். முழங்கால் வலியால் அவள் இரும்பு ஏணியில் ஏறுவதில்லை. நான் மேலே பேப்பர் படிப்பதாக நினைத்திருந்தாள்.

கொஞ்ச நாளில் புகார் வந்தது. குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. மெஷின் திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் மின்னுகின்றன. காயல்பட்டினத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். வளைகுடாவில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தச் சாவி கிடையாது. தெருவில் அவருடைய பைக் சத்தம் கேட்டதும் நான் மேலே ஓடித் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டிவிட்டேன். எடைமேடையில் அதிகாரம் பண்ணியவன் கூடாரத்துக்குள் படுத்துக் கிடக்கிறான் என்று இவர் மூலம் காயல்பட்டினம் முழுக்கப் பரவிவிடும் அல்லவா?

அவர் பார்த்த நேரத்தில் மெஷின் ஒழுங்காக ஓடியது. "நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று சென்சாரை மாற்றினார். நான் மறுபடி தார்ப்பாயைக் கட்டினேன். மறுபடி வெதுவெதுப்பு. அடுத்த முறை போர்டை மாற்றினார். அதற்கடுத்த முறை வோல்டேஜைச் சந்தேகப்பட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் காரணம் தெரியாது. அதிகாரியைக் கண்டதும் ஒழுங்காக வரிசையில் நிற்கிற லாரிக்காரர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். மெஷினுக்கும் மெக்கானிக்கிடம் அப்படி ஒரு பயம் என்றே நம்பினேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் நடைக்கூட்டம் வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலும் வெதுவெதுப்புதான். மனைவி எனக்குச் சொல்லாமல் மெக்கானிக்குக்குப் போன் பண்ணிவிட்டாள். கூட்டத்துக்காகப் போலீஸ் சாலையை அடைத்திருந்ததால் அவர் பைக்கைத் தூரத்திலேயே போட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தை மாதத்திலும் மத்தியானம் வியர்க்கும். நான் வழக்கம்போலக் கூடாரத்துக்குள், தலையில் குரங்குக் குல்லாயும் கழுத்துவரை போர்வையுமாகக் கிடந்தேன்.

தார்ப்பாய் விலகியது. வெயில் கண்ணில் அடித்தது.

"அண்ணாச்சி, ஊட்டிக்கு எப்ப வந்திய?"

நான் குல்லாயைக் கழற்றுவதற்குள் அவர் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத் தகடுகளில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சென்சாரை மாத்துனேன், போர்டை மாத்துனேன். மாத்த வேண்டிய ஆளு இங்கனல்லா படுத்திருக்காரு!"

"காத்து வீணாப் போகுதேன்னு..."

"இது சூட்டைத் தின்னுட்டுக் குளிரைத் துப்புது. துப்புனதையே நீங்க திரும்ப அதுக்குப் பரிமாறியிருக்கிய. சாப்பிட்ட எச்சில் இலையை மறுபடி போட்டா மனுசன் சாப்பிடுவானா?"

அதற்குள் மனைவி ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்துவிட்டாள். நாற்காலி, போர்வை, குல்லாய், கொடியில் காயும் வேட்டி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒருநாள் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். "அடுப்படியில வெந்து சாகுதேன். நானும் வந்து படுத்திருப்பேன்."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் தகரக் கூரைப் புறாக்கள் பறந்தன. அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. போன் வந்துவிட்டது. குருசாமி ஆறுமுகநேரியைத் தாண்டிக்கொண்டிருந்தார், இன்னும் இரண்டு மூன்று மணி நேர நடைதான்.

நான் கத்தியெடுத்துப் பனியைச் சுரண்டப் போனேன். "கத்தியை வச்சா குழாய் ஓட்டையாயிரும், கேஸ் அம்புட்டும் போயிரும். நீங்க எதையும் தொடாதீய" என்று மெக்கானிக் தடுத்து மெஷினை நிறுத்தினார். சாதாரணத் தண்ணீரை ஊற்றியே கரைத்தோம். பிறகு ஓடவிட்டார். எப்போது சூடேறும் என்று கேட்டதற்கு, "சாயங்காலத்துக்குள்ள ஏறணும்" என்றார். 'ஏறும்' என்று சொல்லவில்லை. மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

அவள் கீழே கேஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள். ஒரு அண்டா நாலு பேருக்குத்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை குளியலறைக் குழாயைத் திறந்து விரலை நீட்டுவாள், மூடுவாள். நான் எதிரே நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். மெக்கானிக்கும் வீட்டுக்குப் போகவில்லை. இத்தனை நாள் பெயர் கெட்டது அவருக்கும்தானே. டீயைக் குடித்துக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கினார்.

நடைக்கூட்டத்தின் பச்சை வேட்டிகள் தெருவில் தெரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடலில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்திருந்தார்கள். குருசாமி போன வருஷத்தைவிட அதிகமாக நொண்டினார். உள்ளே வந்தவர் ஜாடையாக என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமி, வெந்நி இல்லைன்னாலும் பாதகமில்ல. அக்காகிட்ட நான் இதைப் பேசினேன்னு சொல்லாதீங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் அதற்குள் குழாயடியில் பிளாஸ்டிக் டப்பை வைத்துத் திறந்துவிட்டாள். விரலை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டப்பிலிருந்து ஆவி எழும்பியது. மெக்கானிக் என் முதுகில் ஒரு போடு போட்டார்.

வாசல் நடையில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தோம். கல்லுப்புப் போட்ட வெந்நீரில் காலை நனைத்த குருசாமி, "முருகா!" என்று கண்ணை மூடினார். மறுநொடி காலை மேலே தூக்கிவிட்டார். "அக்கா, கொதிக்குது! கொஞ்சம் பச்சத்தண்ணி விடச் சொல்லுங்க!"

"ஏங்க! தண்ணி கொதிக்காம்! பச்சத்தண்ணி கேக்காவ, காதுல விழலையா?" என்று என் மனைவி கத்தினாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தெருமுனை லாட்ஜுக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்தக் கத்தல். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.