லூசியாவின் சுவாமியார்

ஈர்க்குக் குச்சியால் கல்லெழுத்துக்குள் கிடக்கிற மணலைக் கிண்டிக் கிண்டி எடுக்கிறாள் லூசியா. எடுத்து முடித்தால் வாயால் ஊதுவாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்து, ஒரு பூச்சரத்தை வைத்து, மெழுகுதிரி கொளுத்துவாள். மன்னார்க் கோட்டைக்குள் கூரை போன அந்தப் பழைய கோவிலில் கல்லறைக் கற்கள் எத்தனையோ கிடக்கின்றன. அவளுக்கு இந்த ஒன்றுதான். இதில் செதுக்கியிருக்கும் தொப்பியைக் கண்ட அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள், இது பறங்கி காலத்து ஆயர் ஒருவரின் கல்லறை என்று. பிறகு யார் என்ன சொன்னாலும் அசையமாட்டாள்.

தொழில் கோட்டை வாசலில் கருவாடு விற்பது. ஓலைப்பெட்டியில் பாரையும் நெத்தலியும் இருக்கும். ஆனால் வந்திறங்கும் ஆட்களுக்கு முதலில் பெட்டியைத் திறந்து காட்டமாட்டாள். "கோட்டை பாக்க வந்தனீங்களோ? வாங்கோ, முதல்ல எங்கட சுவாமியாரைக் கும்பிடுங்கோ" என்று முன்னால் நடந்துவிடுவாள். வெள்ளைக்காரர் என்றால் கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போவாள். செத்தவரின் சொந்தக்காரர் என்று நினைப்பு.

பக்கத்தில் மாங்காய் விற்கும் ஆசியா உம்மா, உப்புக்குளத்துக்காரி, பகிடி பண்ணுவாள். "உன்ர சுவாமியார் ஒரு நாளைக்குக் கருவாட்டு நாத்தம் தாங்கேலாமல் எழும்பி ஓடப்போறார்."

"ஓடமாட்டார். என்ர பெடியன்ர காய்ச்சலை மாத்தினவர்."

அன்று அவள் வந்தது மகள் றஞ்சிதத்துக்காக. மகளுக்கு முந்திப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்த மூன்றாவதுக்கு வலி கண்டு, காலையில்தான் ஆசுப்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மற்றத் தாய்மார் வாட்டு வாசலில் காத்திருப்பார்கள். லூசியா மெழுகுதிரியோடு நேரே இங்கே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அமிர்தநாயகத்தின் மகன் வந்து சேர்ந்தான். சண்டைக் காலத்தில் இலுப்பைக்கடவையிலிருந்து ஒல்லாந்துக்குப் போன குடும்பம். பெடியன் பிறந்ததும் ஒல்லாந்துப் பாஷையில் படித்ததும் அங்கேதான். லூசியா அவனையும் விடவில்லை, கூட்டிக்கொண்டு போனாள். என்ன நடக்குது என்று விடுப்புப் பார்க்க ஆசியா உம்மாவும் பின்னால் போனாள். பெடியன் குனிந்து கல்லை வாசித்தான்.

"அம்மா, இது சுவாமியார் இல்லை. ஒல்லாந்துக் கப்பித்தான் ஒருத்தர். இது சண்டைக்குப் போடுற இரும்புத் தொப்பி."

லூசியாவின் முகம் கறுத்துப் போயிற்று. "ஒல்லாந்தனோ? எங்கட வேதத்தைத் தடுத்து, சுவாமிமாரைக் காட்டுக்குள்ள ஒளிச்சுத் திரிய வைச்சவங்களோ?" பூச்சரத்தை ஒரே இழுவையில் பிடுங்கினாள். "இவனுக்கோ நான் இவ்வளவு காலமும் முழந்தாளில நிண்டனான்!"

"அப்ப உன்ர பெடியன்ர காய்ச்சலை மாத்தினது ஆரடி?" என்றாள் ஆசியா உம்மா.

பெடியன் இன்னும் குனிந்தபடிதான். "கீழ வேறயும் எழுதிக் கிடக்கு. அவற்ர மனுசியும் இதுக்குள்ளதான். பிள்ளை பெறேக்க செத்தவவாம். பிள்ளையும் அவவோடதான்."

பூச்சரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் கேட்டு மெழுகுதிரி எரித்தது, பேற்றில் போன ஒருத்தியின் நெஞ்சுக்கு மேலேயா? "மாதாவே" என்றாள் லூசியா.

ஆசியா உம்மா பகிடியை விட்டாள். "ஒண்டும் நடக்காது. அல்லா இருக்கிறான். வா, ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்று தோளில் பிடித்து நடத்தினாள். கோவில் வாசல்வரை லூசியா ஒரு பொம்மை போலத்தான் நடந்தாள். அங்கே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பெடியன் படம் எடுக்கிறதற்கு வாய்ப்பாக ஒரு காலைத் தூக்கிக் கல்லின்மேல் ஊன்றியிருந்தான்.

"எடு தம்பி காலை! பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிறாள்!"

கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அவன் விளங்கிக்கொள்ளும் முன்பே குனிந்து, சப்பாத்தோடு சேர்த்து அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, சத்தம் வராமல் பக்கத்துப் புல்லில் வைத்தாள்.