சிகாகோவின் செவ்வாய்க்கிழமை

பக்தவச்சலத்துக்கும் அவர் தம்பி சிவப்பிரகாசத்துக்கும் ஒரே கிணறு, பாதிப் பாதி. ஒரு கோடையில் தம்பி வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்தார். அண்ணன் பயிர் நின்ற இடத்திலேயே கருகியது. அதற்குப் பிறகுதான் பக்தவச்சலத்தின் மனைவி கோவிந்தம்மாள் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக்குக் காய்ந்த சோகை உரிக்கப் போனாள். கையெல்லாம் கிழிய உரித்து, மகன் அருண்பாண்டியனைப் படிக்க வைத்து, சிகாகோவுக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை இரவு பக்தவச்சலம் இறந்துபோனார். கடைசியாக மனைவியிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி கையால எனக்குக் கொள்ளி வேணாம். புள்ளதான் வைக்கணும்." சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

போனில் மகன் அழுதான். "செவ்வாய்க்கிழமை காலையில ஏறிடறேம்மா. வந்து இறங்க இருபத்தோரு மணி நேரம்."

புதன்கிழமை ஆடிக் கிருத்திகை. பிணம் கிடக்கும் தெருவிலிருந்து திருத்தணி மலைக்குக் காவடி கிளம்பாது. விரதம் இருந்தவர்கள் சார்பில் தெருப் பெரியவர் தங்கவேல் வந்து நின்றார். கோவிந்தம்மாள் விரல் மடக்கி எண்ணினாள்.

"புதன் விடியறதுக்குள்ள வந்துடுவான். வரலன்னா உங்க இஷ்டம்."

"வாக்கா?"

"ஆங், வாக்கு."

ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. புதன் விடிந்தது. மகன் வரவில்லை. தங்கவேலின் மகள் சுசித்ரா, கல்லூரியில் படிப்பவள், போனில் விமானத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அத்தே, அவருக்குச் செவ்வாய் காலைன்னா நமக்குச் செவ்வாய் சாயந்தரம். இப்பதான் பாதி வழி வந்துகினு இருக்காரு."

யாரோ சிரித்தார்கள். "அமெரிக்காவுக்கு அனுப்பத் தெரிஞ்சுது. அங்க எப்ப விடியும்னு தெரியலியே!"

"சாயந்தரம் வரைக்கும் பொறுங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

"இருபது வருசமா எடுக்கற காவடிங்க. வாக்கு குடுத்தது நீங்க" என்றார் தங்கவேல்.

"அப்ப நானே வைக்கறேன்."

"பொம்பள கொள்ளி வச்சா மலைமேல இருக்கறவரு நம்ம காவடிய வாங்குவாரா? பங்காளி எதிர்லயே நிக்கறாரு. கூப்பிடுங்க."

சிவப்பிரகாசம் எதிர்வீட்டு நிழலில் கைகட்டி நின்றிருந்தார். தானாக வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

கோவிந்தம்மாள் தெருவைக் கடந்து போனாள். "தம்பி, வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உங்க அண்ணனுக்குக் கொள்ளி வைக்க."

"காதுல விழல அண்ணி. நான் அடைச்சது வாய்க்காலதானே? உங்க வாயையா அடைச்சேன்?"

தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள். அப்போதும் அவர் நகரவில்லை. அவர் பார்வை தன் காலுக்குப் போனதைப் பார்த்து, அவள் குனிந்து அதைத் தொட்டாள். அதன்பிறகுதான் மேல்துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பாடை தெருமுனை தாண்டியதும் வீடுகளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். பம்பை முழங்கியது.

பொழுது சாயும்போது அருண்பாண்டியன் பெட்டியை இழுத்துக்கொண்டு, மலைக்குப் போகும் வெளியூர்க் காவடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்தான். உள்ளே சித்தப்பா மொட்டைத் தலையோடு இலைமுன் உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைத்தவருக்குத்தான் முதல் சோறு.

"அம்மா..."

"இருப்பா" என்றாள் கோவிந்தம்மாள். "உங்க சித்தப்பா சாப்டட்டும்."

சிவப்பிரகாசம் நிதானமாகச் சோற்றைப் பிசைந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அவள் ஊற்றினாள்.