கிழிக்காத ஆறு கூப்பன்கள்

பச்சை ரெக்சின் அட்டை போட்ட சின்னப் புத்தகம். உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் சின்னம், பொன் எழுத்தில். உள்ளே எட்டுக் கூப்பன்கள் இருந்தன. இரண்டைக் கிழித்த அடிக்கட்டை தெரிகிறது, ஆறு அப்படியே இருக்கின்றன. அட்டையின் வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. கிரீஸ். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரெக்சின் உரிந்துவிட்டது, பொன் உதிர்ந்துவிட்டது. அந்த விரல் மட்டும் போகவில்லை.

போன மாதம் தங்கை மகன் வந்திருந்தான். பெரிய கார் ஒன்று வாங்கப் போகிறான். "பெரியம்மா, நீங்க அந்த லைன்லதானே வேலை பாத்தீங்க? நாலு வருஷ சர்வீஸுக்கு இப்பவே மொத்தமா கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். துணிகளுக்கு அடியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் வைத்தேன். "மாமா தாத்தாவோடது" என்று மட்டும் சொன்னேன்.

இது என் மாமாவின் புத்தகம். அம்மாவுடன் பிறந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குத் தகடு வெட்டும் பட்டறை வைத்திருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் தகட்டை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். வாங்கிய முதல் மழையிலேயே அது ஆவடி சாலையில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார், கால் மணி நேரத்தில் வண்டி உறுமியது. பூந்தமல்லியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு என் மாமா, அன்றிலிருந்து, அண்ணாத்தே.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம், வாரம் விட்டு வாரம், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பாய் மாமா வீட்டுக்கு வருவார். வண்டிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவார். பெல்ட்டின் பக்கிள் பெயிண்டைக் கீறிவிடும் என்று அதைக் கழற்றிப் படியில் சுருட்டி வைப்பார். மட்கார்டின் மேல் துண்டை மடித்துப் போட்டு அதில் சாய்வார். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மாமா பக்கத்தில் கை கட்டி நிற்பார்.

"இன்னா சொல்றா பாய் உங்க பொண்ணு?"

"உங்க மேல கம்ப்ளைண்டு அண்ணாத்தே. பட்டினி போடுறீங்களாம். ஆயில் கேக்குறா."

அப்புறம் அத்தை சுட்ட பஜ்ஜி, டீ, உலகத்து நியாயமெல்லாம். பட்டறையில் ஆர்டர் இல்லாமல் மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்த மாதங்களிலும் அந்த வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. மாமா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்குள் வெளிநாட்டுக் கார்கள் வரத் தொடங்கின. பளபளவென்று, சத்தமே இல்லாமல். எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு டீலரின் சர்வீஸ் சென்டர் திறந்தார்கள். டிகிரி முடித்திருந்த எனக்கு அங்கே முன் கவுண்டரில் வேலை கிடைத்தது. குளிர்சாதன அறை, கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் அட்டை. மாமாவுக்கு அந்த நேரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அம்பாசடரைக் கொடுத்துவிட்டு எங்கள் டீலரிடமே கார் எடுத்தார். கூடவே நான் விற்ற முதல் சர்வீஸ் திட்டத்தையும் எடுத்தார். நாலு வருஷத்துக்கு எட்டுக் கூப்பன், முன்பணம். பயிற்சியில் மேனேஜர் எங்களுக்குச் சொல்லித்தந்த வாக்கியம் ஒன்று இருந்தது: வெளி ஆள் கை பட்டால் திட்டம் செல்லாது. அதை நான் மாமாவிடம் இரண்டு முறை சொன்னேன். நன்றாகச் சொல்கிறேன் என்ற பெருமையோடு சொன்னேன். புத்தகம் முழுக்க ஆங்கிலம். மாமா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ படிச்சிட்டல்ல, போதும்" என்றார்.

நான் படித்திருக்கவில்லை.

புது வண்டி வந்த முதல் வெள்ளிக்கிழமை பாய் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "ராணி மாரி கீறா அண்ணாத்தே. ஆனா பேசவே மாட்டேங்கிறாளே" என்றார். ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருந்தது. பானெட் திறக்கக் கூடாது என்று மாமா சொல்லக் கூச்சப்பட்டார். சொல்லாமலே பாய்க்குப் புரிந்தது. கண்ணாடியை மட்டும் துண்டால் துடைத்துவிட்டு டீ குடித்துப் போவார். வாரம் விட்டு வாரம் என்பது மெல்ல மாதம் ஒன்று ஆனது. ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். ஒரே மகள். "அண்ணாத்தே, நீங்க வந்து முன்னாடி ஒக்காந்தாத்தான் நிக்கா. இல்லன்னா பொண்ண அனுப்ப மாட்டேன், பாத்துக்குங்க" என்றார். மாமா அந்தப் பத்திரிகையை சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

நிக்கா பதினோரு மணிக்கு. நாங்கள் மூன்று பேரும் எட்டரைக்கே கிளம்பினோம். மாமா புது வேட்டி, அத்தை பட்டுச்சேலை. முந்தின நாளெல்லாம் பெய்த மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக வரும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. நான் மண்ணில் செருப்பு புதையப் புதைய நடந்து ஒரு எஸ்.டி.டி. பூத்தைக் கண்டுபிடித்தேன். எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் பேசினேன். வண்டி இழுக்கிற லாரி வர மதியம் ஆகும் என்றார்கள். கல்யாண மண்டபத்துக்கும் பேசி, வண்டி அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுவிட்டது, நேரமாகும் என்று மட்டும் பாயிடம் சொல்லச் சொன்னேன்.

அரை மணியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து இறங்கியவர் பாய். மகளின் நிக்காவை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று புதுச் சட்டை, தொப்பி, ஈரக் காற்றையும் மீறி அடிக்கிற அத்தர் வாசனை.

"இன்னா அண்ணாத்தே, பந்தியில கூட்டம் ஜாஸ்தின்னு ஏரில மீன் புட்சுகினு வரலாம்னு நின்னுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு நேரத்துப் பதற்றம் கரைந்து போனது. மாமா ஏற்கெனவே பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் எட்டிப் பார்த்தார். ஒரே பார்வைதான். "அட, பேட்டரி கம்பி கழண்டு ஆடிகினு கீது. ரெண்டு நிமிசம்" என்றபடி புதுச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். பெல்ட்டைக் கழற்றி ஆட்டோ டிரைவரிடம் கொடுத்தார். கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க பாய். கூப்பன் போயிடும்."

மாமா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அப்படித்தானே?" அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது, இல்லை என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல். இருபத்து மூன்று வயசு எனக்கு. கழுத்தில் அட்டை இல்லாவிட்டாலும் இருக்கிறமாதிரியே நின்றேன்.

"ரூல்ஸ் அப்படித்தான் மாமா."

பாயின் கை பேட்டரிக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. பிறகு பின்னால் போனது. எதிலும் படாத அந்தக் கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார். மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிப் பித்தான் போட்டார். பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

பதினாறு வருஷத்தில் முதல் சார்.

"அப்ப வண்டி இங்கியே நிக்கட்டும். ஆட்டோல ஏறுங்க, டைம் ஆவுது" என்றார். மாமா ஏரியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். இவ்வளவு விலையான வண்டியை நடுத்தெருவில் எப்படி விடுவது, நீங்கள் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றார். அத்தை மட்டும் ஏறினாள். ஏறும்போது, "காரையே கட்டிப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. அதுக்கே தாலியும் கட்டிடுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நான் மாமாவோடு நின்றேன். பதினோரு மணி ஆனபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கும் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

லாரி வந்து இழுத்துப்போய், சர்வீஸ் சென்டரில் எங்கள் ஆள் ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தக் கம்பியை முறுக்கினான். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கூப்பனைக் கிழிக்கப் போன என்னை சூப்பர்வைசர் தடுத்தார். "பேட்டரி பிளான்லயே வராதும்மா. டயர், பேட்டரி, வைப்பர் எதுவும் வராது. பின்பக்கம் போட்டிருக்கே, பாக்கலியா? தனி பில்லு போடு."

அந்தப் பில்லை என் கையால் எழுதினேன். பாயின் கை நீண்டது திட்டத்துக்குள் இல்லவே இல்லாத ஒரு பொருளின் மேல். அன்றைக்கே மாமாவிடம் சொல்லியிருக்கலாம். மறுநாள் பூந்தமல்லிக்கு பஸ் ஏறிப் போய்ப் பாயிடம் சொல்லியிருக்கலாம். 'என் தப்பு' என்ற இரண்டே வார்த்தைதான். சொல்வதற்கு நல்ல நாள் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

பாய் சண்டை போடவில்லை. அன்று சாயங்காலமே அத்தையிடம் ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்து அனுப்பியிருந்தார். வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மதியங்களில் மாமா காரணமே இல்லாமல் வாசலுக்கு வருவார், கேட்டின் கொண்டியைத் தூக்கி வைப்பார், உள்ளே போவார். அத்தையும் பஜ்ஜி மாவு கரைப்பதை விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி ஷெட்டுக்கே போனார். பாய் ஏதோ ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். டீ சொன்னார். மாமா தானே பானெட்டைத் திறந்து நின்றார். "பாருங்க பாய். ஏதோ சத்தம் வருது" என்றார். ஒரு சத்தமும் வரவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். பாய் கிட்டே வரவில்லை. "நமக்கு இந்த வண்டி தெரியாது சார்" என்றார். மாமா சட்டைப்பையிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். கிழித்துப் போடவா, வைத்துக்கொள்ளவா, தெரியாது. பாய் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். இருந்தும் கட்டைவிரல் பதிந்துவிட்டது. ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் ஆறு கீது சார். வேஸ்ட் பண்ணாதீங்க."

குத்தலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா? இத்தனை வருஷமாக அந்தக் குரலை நினைவில் ஓட்டி ஓட்டிக் கேட்கிறேன். இரண்டும்தான் என்று சில நாள் தோன்றும். நான் அங்கேதான் நின்றேன், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு. அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முன்னால் பாய் இறந்துபோனார். மாமாவுக்குச் செய்தி தெரிந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கூப்பனும் கிழிக்கவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து நாங்கள் கடிதம் போட்டோம், போன் செய்தோம். கூப்பன்கள் தேதி தாண்டி ஒவ்வொன்றாகச் செத்தன. வண்டியை உறை போட்டு மூடினார், பிறகு விற்றார். புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. என் ரூல்ஸ் உண்மை என்று நம்பிக்கொண்டேதான் அவரும் போனார்.

தங்கை மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். நிறைய ஓட்டுகிறவனாக இருந்தால், நாலு வருஷமும் அந்த வண்டியையே வைத்திருப்பாய் என்றால், கட்டலாம். ஓடாவிட்டாலும் தேதி ஓடும், அதை மறக்காதே. ஆயிலும் ஃபில்டரும் வரும். தேய்கிறதும் கழல்கிறதும் பெரும்பாலும் வராது. பின்பக்கத்தை நீயே படி, கவுண்டரில் இருக்கிற பெண் சொல்வதை நம்பாதே. அவன் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

"ஆறு கூப்பனை தாத்தா இப்படி வேஸ்ட் பண்ணிட்டாரே" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைக் கையில் எடுத்தான். அட்டையைப் பார்த்தான். "என்ன பெரியம்மா, அழுக்கு?" என்று விரலை நாக்கில் தொட்டு அந்தக் கறுப்பை நோக்கிக் கொண்டுபோனான்.

"கை வைக்காதே!"

கத்தியது நான்தான். அவன் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் இழுத்தான். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல், எதிலும் படாத அந்த விரலை மெல்ல பேண்டில் துடைத்துக்கொண்டான்.