தனலெட்சுமி எட்டிப் பார்த்த வரிசை

எதிலும் கை வைக்காமல், யாரோடும் பட்டுக்கொள்ளாமல், வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் ஒருவர் வாழ்ந்துவிட முடியுமா? நாற்பத்து மூன்று வயதுவரை தனலெட்சுமியின் வாழ்க்கை, முடியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கிள்ளானில் இருந்த குடும்ப வீட்டைப் பிரிப்பதில் அண்ணன்கள் இருவரும் மல்லுக்கட்டியபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ யாரு பக்கம்?" என்றான் பெரியவன். "நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். அதைப் பக்குவம் என்றவர்கள் உண்டு. வசதி என்றும் சொல்லலாம்.

வேலையும் அதற்கேற்ப அமைந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகம். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை ஓர் இடத்தில் நிறுத்தி, திரையின் ஓரத்தில் இருக்கும் பெட்டியில் சின்னதாக ஒரு வரி எழுதிப்போட்டால், அந்த நொடியில் அதன் விடை என்ன என்று அங்கேயே வரும். எத்தனை லோரி காத்திருக்கிறது, கடைசியாக வந்தது எது, இப்படி எதையும் கேட்கலாம். வீட்டுக்குள் நுழையாமல் சன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி என்பாள்.

அந்த மாதம் அவள் கைக்கு வந்தது, தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் லோரிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் புரோகிராம். வாசல் கூண்டில் ராஜன் இருந்தார். முதுகு போகும்வரை லோரி ஓட்டியவர். அவர் பொத்தானை அழுத்தினால் எண் அச்சிட்ட சீட்டு வரும், டிரைவரிடம் கொடுப்பார். சீட்டு சில நேரம் தாமதமாக வருகிறது என்பதுதான் முதலில் வந்த புகார். அலுவலகத்துக் கணினியில் அந்தத் தாமதம் தென்படவில்லை. எனவே வாசலில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலேயே நேராக இணைந்துகொண்டாள். கூடாது என்பது விதி. எல்லோரும் செய்வார்கள் என்பது வழக்கம். இரண்டு மூன்று நொடி நிறுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டாவது வாரம் வேறு புகார் வந்தது. நாற்பத்தொன்றுக்கு அடுத்த லோரிக்கு நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டை யாருக்குக் கொடுத்தாய் என்று டிரைவர்கள் ராஜனைச் சூழ்ந்துகொண்டார்கள். பழைய கூட்டாளிகளுக்கு எண்ணை ஒதுக்கி வைக்கிறார் என்று பேச்சு பரவியது. வெள்ளிக்கிழமைக்குள் கணக்குத் தெரியாவிட்டால் வேலை இல்லை என்று தொழிற்சாலை மேனேஜர் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நம்பர நானா திங்கிறேன்?" என்றார் ராஜன் போனில். "'பாஸ், உங்க மச்சானுக்கு ஒண்ணு எடுத்து வைங்க'ன்னு நக்கல் பண்றானுங்க. எனக்கு மச்சானே கிடையாது லா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணே."

இன்னும் கூர்ந்து பார்த்தாள். அடிக்கடி நிறுத்தினாள். எண்களும் அடிக்கடி காணாமல் போயின.

வியாழக்கிழமை மத்தியானம் ராஜன் தன் சின்ன நோட்டுப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினார். காணாமல் போன ஒவ்வொரு எண்ணுக்கும் நேரம் குறித்திருந்தார். அன்றைக்குப் பத்து மணி பன்னிரண்டு நிமிடம், பத்து நாற்பது, பதினொன்று ஐந்து. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே முக்கால்வரை ஒன்றுகூட இல்லை. அந்த நேரத்தில்தான் இருபது லோரி வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது எண் போயிருந்தது. புதன்கிழமை முழுநாளும் ஒன்றும் போகவில்லை.

புதன்கிழமை அவள் விடுப்பு. பன்னிரண்டரைக்குத் தினமும் சாப்பிடப் போவாள்.

பெட்டியில் தான் எழுதி வைத்திருந்த வரியைப் பார்த்தாள். 'அடுத்த எண்' என்ன என்று கேட்கும் வரி. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாகத் திறந்து படித்தாள். எண்ணைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. சொன்ன எண்ணை வரிசையிலிருந்து எடுத்தும் விட்டது. அவள் நிறுத்தும்போதெல்லாம் பெட்டி தானாக அதே கேள்வியை மறுபடி கேட்டது. கிளினிக்கில் அடுத்த நம்பர் என்ன என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டைக் கிழித்துப் பார்ப்பவளைப் போல இரண்டு வாரம் இருந்திருக்கிறாள். இருபது வருட அனுபவம் உள்ளவர் முதலில் படித்திருக்க வேண்டிய நான்கு வரிகள் அவை.

முதலாளி விஜயனிடம் சொன்னாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"சிஸ்டம் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு எழுதிடு. அந்த அங்கிளுக்கும் வேலை இருக்கும், நமக்கும் இருக்கும். முடிஞ்சது லா."

"கோளாறு சிஸ்டத்துல இல்ல. நான் கேட்ட கேள்வியில."

"அத யாரு கேட்டா?"

அவள் தொழிற்சாலைக்கு அறிக்கை எழுதினாள். தான் நிறுத்திய நேரங்களையும் ராஜன் குறித்த நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இந்த எண்களை எடுத்தது நான் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். விஜயன் இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினான். எங்கள் வேலைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு வரி பதில் வந்தது. அவள் தலையசைத்தாள். அவள் உண்மையை எழுதியது நேர்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வந்து சேர்வதற்குள் ஒரு மனிதர் அந்த வாரம் முழுக்கக் கள்ளனாக இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ராஜன் கூப்பிட்டார். அவருடைய குரல் தளர்வாக, நிம்மதியாக இருந்தது.

"மேனேஜர் வேலைய பாருன்னு சொல்லிட்டாரு தங்கச்சி. நீதான் கண்டுபிடிச்சியாமே. வேற ஒண்ணும் சொல்லல அவரு. வீட்டுல அண்ணி உன்னைச் சாப்பிட வரச் சொல்றாங்க."

"இருக்கட்டும் அண்ணே."

"அது சரி, அந்த நம்பரையெல்லாம் யாருதான் எடுத்தது? டிரைவருங்க கேட்டா சொல்லணும்ல."

ஸ்பீக்கரில் வந்த கேள்வியைக் கேட்டு எதிர் மேசையிலிருந்து விஜயன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பெயர் போட்ட அறிக்கையின் நகல் அவன் முன்னால்தான் கிடந்தது.

"யாரும் எடுக்கல அண்ணே" என்றாள் தனலெட்சுமி. "மெஷின்தான் தாண்டிப் போயிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று விஜயன் அன்றும் கேட்டான், பிறகு ஒரு முறையும் கேட்டான். அவள் சொன்னதில்லை.