அத்தாவுக்கு ஒரு சூப்பான்

அரபு நாட்டுக்குப் பிழைக்க வந்து, தம்மாமில் நான் ரொட்டி வாங்கும் மளிகைக்கடையில், கல்லாவுக்கு மேலே ரப்பர் சூப்பான்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. நேற்று ஐந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன், வாயில் சூப்பானோடு மிட்டாய் கேட்டு அடம்பிடித்தான். அப்பன்காரர் மிட்டாயும் வாங்கினார், புதுச் சூப்பான் ஒன்றும் வாங்கினார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை! எங்கள் லப்பைக்குடிக்காடாக இருந்தால் தெருவே திரண்டு நியாயம் பேசியிருக்கும். நான் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கடைக்காரர் பார்த்தார். எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்தி ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் ஐயா, என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்ல?

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சனியனை அனுப்பியவனே நான்தான். மகள் சபியா பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். ஃபாரின் சாமான் என்ற பெருமையில் ஒரு டஜன் வாங்கி, ஊருக்குப் போனவரிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று வயதாகியும் அவள் விடவில்லை. எங்களுக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் வசதி. நான் பேசிப் பதிவுசெய்து அனுப்புவேன். நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும், சளி என்று சமாளிப்பேன். பதில் கேசட்டில் மனைவி ஜமீலா பேசுவது விளங்கும். மகள் பேசுவதோ ரப்பரும் எச்சிலுமாக ஒரே கொழகொழப்பு. பெற்ற பிள்ளையின் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்றால் மனசு என்ன பாடுபடும்! முதல் லீவில் போய் இறங்கியதுமே ஜமீலா சொல்லிவிட்டாள்: "நீங்க அனுப்புனதுதானே? நீங்களே நிறுத்திட்டுப் போங்க." இரண்டு மாத லீவுக்குள் நிறுத்திக் காட்டுகிறேன், மகள் பேச்சைத் தெளிவாகக் கேட்காமல் விடமாட்டேன் என்று சவால் விட்டேன்.

விட்ட சவாலில் முதல் அடி வாசலிலேயே விழுந்தது. "அத்தா வந்துருக்காங்க பாரு" என்று ஜமீலா என்னைக் காட்ட, சபியா டேப்ரெக்கார்டரைக் கைகாட்டினாள். அவள் கணக்கில் அவளைப் பெற்ற அத்தா தம்மாமில் இருக்கிறவர், அதற்குள்ளிருந்து பேசுகிறவர். தாடியும் தொந்தியுமாக வந்து நின்ற நான் மாமா. எத்தனை சொன்னாலும் மாமாதான். சூப்பானில் வேப்பெண்ணெய் தடவினேன். என் கைலியிலேயே துடைத்துவிட்டு வாயில் வைத்துக்கொண்டாள். நுனியை வெட்டினேன், பெட்டியிலிருந்து இன்னொன்று வந்தது. ஒரு டஜன் வாங்கிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அரியலூரிலிருந்து செந்துறைக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, பஸ் ஜன்னல் வழியாக அதை வீசியே விட்டேன். அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். இறங்கி ஓடினார், எடுத்து வந்தார். யாரோ ஒரு அம்மா கூஜாத் தண்ணீரில் கழுவி அவள் வாயில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பச்சப்புள்ள வாயில உள்ளத புடுங்கி எறியிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" செந்துறை வரும்வரை நான் தலை நிமிரவில்லை.

எங்கள் ஊரில், பிழைக்க வெளிநாடு போகிற சபுராளி ஒருவன் கிளம்புகிறான் என்றால், அங்கே ஆள் இருக்கிற வீடெல்லாம் பொட்டலத்தோடு வந்துவிடும். ஊறுகாய், பருப்புப்பொடி, கேசட், மேலே பெயர். உரியவர் கையில் சேர்ப்பது சபுராளியின் பொறுப்பு. நான் கிளம்புகிற காலையில், தோற்றுப்போன எரிச்சலோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பொட்டல வரிசையில் பக்கத்து வீட்டு மரியம் அக்காவுக்குப் பின்னால் சபியா நின்றாள். கையில் செய்தித்தாளில் சுருட்டிய ஏதோ ஒன்று. வாய் காலி!

"மாமா, இத எங்க அத்தாட்ட குடுத்துடுங்க."

"என்னது தங்கம்?"

"சூப்பான். அத்தா கேசட்ல அழுவுறாங்க. இத வாயில வச்சா அழுவ மாட்டாங்க."

சளியாம் சளி! இத்தனை வருசம் பெரியவர்களை எல்லாம் ஏய்த்தவன், மூன்று வயதுக்காரியிடம் மாட்டிக்கொண்டேன். "அடியே, இவங்கதாண்டி உங்க..." என்று ஜமீலா வாயெடுத்தாள். கையைக் காட்டித் தடுத்தேன். நான்தான் அத்தா என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அதை அவள் நம்பிவிட்டால் பொட்டலத்துக்கு வேலை இல்லை. சூப்பான் திரும்ப வாய்க்குப் போய்விடும். "பத்திரமா சேத்துடுறேன்" என்று வாங்கிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். "மாஷா அல்லாஹ்!" என்று மரியம் அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பெரம்பலூர் பஸ்ஸில் நான் ஏறும்வரை சபியா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் ஐயா, ஜெயித்துவிட்டேன்!

இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்தார். "வலத்?" என்று கேட்டு என் முதுகுக்குப் பின்னால் குழந்தையைத் தேடினார். இல்லை, எனக்குத்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தவர், வேறெதையும் திறக்காமல் பெட்டியை மூடி அனுப்பிவிட்டார்.

சாமான் வந்து சேர்ந்தது, அத்தா இப்போது அழுவதில்லை என்று பேசி அனுப்பினேன். பதில் போன வாரம் வந்தது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஆறு பேரையும் உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டேன். மணி மணியாகப் பேசினாள் என் மகள். "அத்தா, நான் இப்ப சூப்பறதே இல்ல. மாமா ஒழுங்கா குடுத்துட்டாங்கல்ல? அப்ப நல்ல மாமாதான். அடுத்த தடவையும் அவங்களையே அனுப்புங்க."

ஒரு சொல் தவறாமல் விளங்கியது. அறையே கைதட்டியது. நானும் தட்டினேன், அழுதுகொண்டே. இந்தத் தடவை சளி என்று யாரிடமும் சொல்லவில்லை. சூப்பான் அதே செய்தித்தாளில் சுருட்டி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அடுத்த லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போகப்போவது அத்தாவா மாமாவா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.