லிந்துலை ஏற்றத்தில் நின்ற கார்

ஹட்டனிலிருந்து காலை 9.10க்குப் புறப்பட்டோம். அக்கரப்பத்தனையில் ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழியைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் நுவரெலியா போய்ச் சேர்வது திட்டம். வாடகை பதினாறாயிரம் ரூபாய். கார் பழையது. ஓட்டுநர் செல்வராஜுக்கு நாற்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கிறேன் என்று நான் சொன்னதும் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

10.20. லிந்துலையைத் தாண்டியதும் பிரதான வீதியில் மண் சரிந்து கிடந்தது. தோட்டப் பாதையால் சுற்றிப் போகலாம் என்றார் செல்வராஜ். நான்கு கிலோமீட்டர் ஏற்றம், உச்சியைத் தாண்டினால் இரண்டு கிலோமீட்டர் இறக்கம். கார் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியபோது, இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்கு மேல் போய்விட்டதைப் பார்த்தேன்.

“ஏத்தத்துல சூடாகும் டீச்சர். எறக்கத்துல தானா எறங்கிரும்” என்றார். சொன்னபடியே இறங்கியது. இருந்தாலும் அவர் முகத்தில் ஏதோ உறுத்தல் இருந்தது.

10.50. இறக்கத்தின் அடியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நடுவீதியில் நின்று கையசைத்தார்கள். ராணி என்றொரு பெண் ஜன்னலருகே ஓடிவந்தாள்.

“அண்ணே, முத்துலெட்சுமிய குளவி கொட்டிருச்சுங்க! கொழுந்து லொறி பெக்டரிக்குப் போயிருச்சு. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகுமாம்!”

வரப்பில் கிடத்தியிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உதடுகள் தடித்து, கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு விசில் போலக் கேட்டது. அவளைப் பின்னிருக்கையில் ஏற்றி, ராணியின் மடியில் தலையைச் சாய்த்தோம். செல்வராஜ் காரைத் திருப்பினார். லிந்துலை ஆஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீட்டர். ஆனால் இறங்கி வந்த அந்த இரண்டு கிலோமீட்டரையும் முதலில் ஏற வேண்டும்.

11.02. பாதி ஏற்றத்தில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. செல்வராஜ் காருக்குள் சூடு தரும் ஹீட்டரை முழுதாகத் திருப்பினார். “இஞ்சின் சூட்ட இந்தப் பக்கம் இழுத்துக்கும். கண்ணாடிய எல்லாம் எறக்கிருங்க!” அனல்காற்று முகத்தில் அடித்தது. முள் கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது. உச்சிக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது முன்மூடியின் ஓரங்களிலிருந்து வெண்ணிற ஆவி புகைந்தது. இஞ்சினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் முத்துலெட்சுமியின் மூச்சு மட்டும்தான் கேட்டது.

என் கைப்பேசியில் சிக்னல் இல்லை. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

“ஊத்தாதீங்க டீச்சர்! கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விட்டுரும். ரேடியேட்டர் மூடியயும் தொடாதீங்க, மூஞ்சில அடிச்சிரும்.”

முன்மூடியைத் தூக்கி அவர் குனிந்தார். குழாய்களைப் பார்த்தார், எங்கும் ஒழுக்கு இல்லை. பிறகு ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்த காற்றாடியையே உற்றுப் பார்த்தார்.

“பேன் சுத்தல! இவ்வளவு சூட்டுக்கு அது தானா சுத்தணும். ஏத்தத்துல மெதுவாப் போறதால வெளிக்காத்தும் பத்தல. அதான் கொதிக்குது.”

இறக்கத்தில் சூடு தணிந்ததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். காற்றாடியின் ஃபியூஸ் கருகியிருந்தது. பின்கண்ணாடி ஹீட்டருக்கு உரிய அதே அளவு ஃபியூஸைக் கழற்றி அங்கே போட்டு, சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றொரு சத்தம். அதுவும் போய்விட்டது.

“எங்கயோ வயர் ஒரசுது” என்றார். “இந்த அளவுல இன்னும் ஒன்னுதான் இருக்கு, வைப்பரோடது.”

பின்னால் ராணி முத்துலெட்சுமியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். “முத்து, என்னயக் கேக்குதா? கையப் புடி. விட்டுறாத.” நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண முயன்றேன். இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது.

செல்வராஜ் வெறும் விரல்களால் வயரைத் தடவிக்கொண்டே போனார். சூட்டில் கையை உதறுவார், மறுபடி தடவுவார். ரேடியேட்டரைத் தாங்கும் இரும்பின் விளிம்பில் வயரின் உறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது.

“சுத்துறதுக்கு ஏதாவது குடுங்க!”

செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்கின் பொலித்தீனை ராணி பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். அதைச் செம்பின் மேல் இறுக்கிச் சுற்றி, வயரைச் சூடில்லாத பக்கமாக இழுத்துக் கட்டினார். கடைசி ஃபியூஸைப் போட்டார். சாவியைத் திருப்பினார்.

காற்றாடி ஒரு கணம் அசையவில்லை. பிறகு இரைந்துகொண்டு சுற்றத் தொடங்கியது.

இஞ்சினை ஓட்டாமல் காற்றாடியை மட்டும் ஓடவிட்டார். ஓடையில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது முள் சிவப்பிலிருந்து கொஞ்சமே இறங்கியிருந்தது.

“இன்னும் அரை மணி நேரம் ஆற விடணும்” என்றார். பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். விசில் சத்தம் மெலிந்துகொண்டிருந்தது. “இஞ்சின் போனா போகட்டும் டீச்சர். ஏறுங்க.”

அது அவருடைய சொந்தக் கார். அதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது.

ஈரத்துணியைப் பல மடிப்பாக மடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஆவி சீறி அடங்கியது. இஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரை நூல்போல ஊற்றினார். 11.27க்கு கார் நகர்ந்தது. உச்சியைத் தாண்டியதும் செல்வராஜ் சத்தமாக மூச்சு விட்டார்.

11.40க்கு ஆஸ்பத்திரி. டொக்டர் வாசலிலேயே தொடையில் ஊசி போட்டார். ஒக்சிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணியளவில் தாதி வந்து, “கதைக்கிறாங்க, ஒராள் மட்டும் பாக்கலாம்” என்றார். உள்ளே போய்வந்த ராணி சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள்.

முத்துலெட்சுமியின் கணவன் வந்த பிறகு, தண்ணீரை நிரப்பிக்கொண்டு அதே பாதையில் ராணியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். எங்கள் ஊர் சமதரை. கார் நின்றால் நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழு கிலோமீட்டர் இவ்வளவு தூரமாக இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

“குளவிக் கூட்ட எடுத்துட்டாங்களா?” என்று ராணி இறங்கும்போது கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர். அங்கதான் இருக்கு. நாளைக்கும் அதே மலதாங்க எங்களுக்கு.”

கிழிந்த படங்கை இடுப்பில் சரிசெய்தாள். செடிகளுக்கிடையில் கவிழ்ந்து கிடந்த தன் கூடையையும் முத்துலெட்சுமியின் கூடையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப்போனாள்.